பன்னிரண்டு பிரேம்

கிளாப் பலகையை முதலாளி தம் அறை அலமாரியில் வைத்துப் பூட்டிய நாளிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். யுத்த காலம். கச்சா பிலிமுக்கு ரேஷன். முடிந்த படமும் பதினோராயிரம் அடிக்கு மேல் போகக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு வேறு. மைசூரில் எங்கள் ஸ்டூடியோ ஒன்றும் பெரிய ஸ்தாபனம் இல்லை. ஒரு கொட்டகை, ஒரு காமிரா, ஒரு ஒலிப்பதிவு மெஷின், காம்பவுண்டுக் கோடியில் பழைய குதிரை லாயத்தைத் தடுத்துக் கட்டிய எடிட்டிங் ரூம். அந்த லாயத்தில் நான். மழை பெய்தால் இன்னும் குதிரை வாசனை வரும்.

பேசும் படத்தில் படம் ஒரு பிலிமிலும் பேச்சு வேறொரு பிலிமிலும் பதிவாகும். இரண்டையும் பொருத்துவது எடிட்டர் வேலை. அதற்குத்தான் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் பலகையைக் காட்டி அதன் கட்டையைப் பட்டென்று தட்டுவார்கள். படத்தில் கட்டை மூடுகிற இடத்தையும், ஒலிப் பிலிமில் அந்தச் சத்தம் கோடாக விழுந்திருக்கிற இடத்தையும் நேருக்கு நேர் வைத்தால் வாயும் பேச்சும் சேர்ந்துவிடும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. மூக்குக் கண்ணாடியும் பொறுமையும் போதும். எனக்கு முதலாவது இருந்தது.

"ஒவ்வொரு ஷாட்டுக்கும் ரெண்டு அடி அந்தப் பலகையைப் படம் பிடிக்கிறீங்களே, பலகையைப் பார்க்கவா ஜனங்க வரப் போறாங்க?" என்று முதலாளி ஒரு நாள் கூப்பாடு போட்டார். அன்றோடு பலகை அலமாரிக்குப் போயிற்று. அதற்குப் பதிலாக நடிகரே காமிரா ஓட ஆரம்பித்ததும் தம் முகத்துக்கு முன்னால் ஒரு முறை கையைத் தட்டிவிட்டு வசனத்தைத் தொடங்க வேண்டும். கை சேருகிற பிரேம் படத்தில் தெரியும், தட்டல் ஒலியில் விழும், அரை அடியோடு வேலை முடிந்தது. யோசனை என்னவோ நல்லதுதான். ராஜா வேஷக்காரர் முதல் தோழி வேஷக்காரி வரை எல்லோரும் பஜனையில் உட்கார்ந்தவர்கள் மாதிரி ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காதலித்தார்கள், அழுதார்கள், யுத்தத்துக்குப் போனார்கள். தட்டின பகுதியை நான் வெட்டிக் கூடையில் போட்டுவிடுவேன்.

இதற்கு மேல் எடிட்டிங் மெஷினில் ஒலி கேட்கிற பாகத்துக்கான பல்பு போய்விட்டது. அது கடல் தாண்டி வர வேண்டிய பல்பு. கடலில் அப்போது வேறு விஷயங்கள் நடந்துகொண்டிருந்தன. ஆகவே ஏறக்குறைய எட்டு மாதம் நான் செவிடனாக எடிட் செய்தேன். ஒலிப் பிலிமை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, முதலில் வரும் தடித்த கோட்டைத் தேடிப் பிடித்து, அதைக் கை சேரும் பிரேமோடு கட்டிவிடுவேன். முதல் கோடுதான் கைதட்டல். இதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. பிரிவியூ கொட்டகையில் ஓட்டிப் பார்க்கிறபோதுதான் நானும் மற்றவர்களோடு சேர்ந்து முதல் தடவையாகப் பேச்சைக் கேட்பேன். ஒவ்வொரு தடவையும் சரியாக இருந்தது. அதனால் தலைக்கனமும் வந்துவிட்டது.

அந்தப் படத்தில் மந்திரி வேஷத்துக்கு ராமாபுரத்துக்காரர் ஒருவர் வந்திருந்தார். ராமாபுரம் கொள்ளேகாலத்துப் பக்கம், அப்போது கோயமுத்தூர் ஜில்லாவில் சேர்ந்தது. விவசாயக் குடும்பம். இருபது வருஷமாக நாடகக் கம்பெனியில் வேஷம் கட்டினவர், வயது நாற்பதை ஒட்டி இருக்கும். கம்பெனி அந்த வருஷம் மைசூரில் முகாம் போட்டிருந்தபோது எங்கள் டைரக்டர் அவரைப் பார்த்துக் கூட்டிக்கொண்டு வந்தார். படத்தில் அவருக்கு ஒரே ஒரு காட்சி. யுத்தத்துக்குப் போன இளவரசன் செத்துப்போன செய்தியை மகாராஜாவிடம் சொல்ல வேண்டும். முந்நூறு அடி, மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேலே. அது நன்றாக வந்தால் அடுத்த படத்தில் முக்கிய வேஷம் தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். நாடகக் கம்பெனி அப்போது கலைந்துகொண்டிருந்தது. ஆகவே அந்த முந்நூறு அடியில்தான் அவர் பிழைப்பே நின்றது. இது எனக்கும் தெரியும். அவரே என் அறை வாசலில் நின்று, "பாத்துப் பண்ணுங்க சார், உங்க கையிலதானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நடிகர்கள் எல்லோருமே எடிட்டரிடம் சொல்கிற வசனம் இது. நான் பிலிமிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினேன்.

பிரிவியூ அன்று காலை பதினோரு மணிக்கு. பெங்களூரிலிருந்து விநியோகஸ்தர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ராமாபுரத்துக்காரர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசைக்குப் பின்னால், கதவோரம் நின்றுகொண்டார். உட்காரச் சொன்னதற்கு, "இருக்கட்டுமுங்க" என்றார்.

அவர் காட்சி வந்தது. மந்திரி தூணருகே நின்றிருந்தார், மெதுவாகத் தலையைத் தூக்கினார், வாயைத் திறந்தார், மூடினார். அதற்குப் பிறகு "மகாராஜா" என்று குரல் கேட்டது. மறுபடி வாய் அசைந்தது, அசைந்து முடிகிற நேரத்துக்குப் பேச்சு வந்து சேர்ந்தது. "குதிரை மட்டும் வந்திருக்கிறது" என்பதுதான் அந்தக் காட்சிக்கு உயிர். அதைச் சொல்லிவிட்டு அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறார், கண்ணில் நீர் தளும்புகிறது, கடித்த உதட்டோடு நிற்கிற மனிதனிடமிருந்து "வந்திருக்கிறது" என்று குரல் வருகிறது. விநியோகஸ்தர் ஒருவர் முதலில் சிரித்தார். அப்புறம் கொட்டகையே சிரித்தது.

"வாய் மைசூர்ல, பேச்சு நஞ்சன்கூட்ல!" என்றார் முதலாளி. அதற்கு இன்னொரு சிரிப்பு.

எனக்குப் பத்தே விநாடியில் தெரிந்துவிட்டது. பொருத்தினதில் பிழை. மனிதன் எவனும் அப்படிப் பேச முடியாது, அது என் கைவேலை. எழுந்து நின்று, "தப்பு என்னுடையது, நிறுத்துங்கள்" என்று சொல்ல எனக்கு மூன்று நிமிஷம் இருந்தது. நான் சொல்லவில்லை. ஏன் என்று பின்னால் ஆயிரம் காரணம் கற்பித்துக்கொண்டேன். இந்த வேலை போனால் மைசூரில் எனக்கு வேறு ஸ்டூடியோ கிடையாது, விநியோகஸ்தர்கள் முன்னால் முதலாளிக்கு அவமானம், இப்படி. உண்மையில் எனக்குப் பயம், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்பிவிடுமோ என்ற பயம். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

விளக்குப் போட்டதும் அவர் நேரே என்னிடம்தான் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஏனுங்க சார், எனக்கு வாயி பிந்துதுங்களா, பேச்சு பின்னால வருதுங்களா?"

"பார்க்கலாம்" என்றேன்.

"இருவது வருசம் மேடையில நின்னவனுங்க நானு. ஒருத்தரும் சொன்னதில்லீங்க. மேடையில தூரமா இருக்கறதால தெரியாம இருந்துருக்குமுங்களா?"

"பார்க்கலாம்" என்று இன்னொரு முறை சொன்னேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் தயவு பண்ணி மறைக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார் போலும். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் லாயத்துக்கு ஓடினேன். கூடையைக் கவிழ்த்து, வெட்டிப் போட்டிருந்த துண்டுகளில் அவர் காட்சியின் தலைப்பகுதியைத் தேடி எடுத்து ஜன்னலில் பிடித்தேன். ஒலிப் பிலிமில் ஒரு கோடு இல்லை, இரண்டு கோடு. முதலாவது தடித்துப் பரந்திருந்தது. இரண்டாவது மெலிந்து கூர்மையாக இருந்தது. இடையில் பன்னிரண்டு பிரேம், அதாவது அரை விநாடி.

இரண்டாவது கோடு கைதட்டல் என்றால் முதல் கோடு என்ன? படப்பிடிப்பில் இருந்த உதவி டைரக்டரைப் பிடித்துக் கேட்டேன். "அதுவா? அவருக்குத் தொடையில ஒரு தட்டுத் தட்டிக்காம வாயே திறக்காது சார். நாடகத்துல திரை ஏறும்போது தட்டிப் பழக்கமாம். கையைத் தட்டுங்கன்னோம். மொதல்ல தொடையில ஒண்ணு, அப்புறம் கையில ஒண்ணு" என்றான் சிரித்துக்கொண்டே. காமிராவில் மார்புக்கு மேலேதான் தெரிந்தது. மைக் கீழே, இடுப்பு உயரத்தில், தூணுக்குப் பின்னால். தொடைத் தட்டு மைக்குக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறது. நான் முதல் கோட்டைப் பிடித்துக் கட்டியிருக்கிறேன்.

பன்னிரண்டு பிரேமை நகர்த்தினேன். கால் மணி வேலை. மறுநாள் காலை புரொஜெக்டர் ஆபரேட்டரை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். "குதிரை மட்டும் வந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு அவர் உதட்டைக் கடித்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்தப் படத்தில் நான் கண்ட நல்ல நடிப்பு அது ஒன்றுதான். ஆபரேட்டர் மேலே துவாரத்திலிருந்து எட்டிப் பார்த்து, "நேத்து இதுக்கா சார் சிரிச்சாங்க?" என்று கேட்டார்.

முதலாளியிடம் போனேன். இந்த முறை சொல்லிவிட்டேன். நின்றுகொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, ஒன்று விடாமல் சொன்னேன். வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் சரி என்றுகூடச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் கணக்குக் காகிதத்தில் அடிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"ஹோகலி பிடப்பா" என்றார். போகட்டும் விடு என்று கன்னடத்தில் சொன்னால் அவரிடம் அதற்கு மேல் பேச்சு கிடையாது. "இன்னும் ரெண்டாயிரம் அடி குறைக்கணும். அந்த ஸீனே வேண்டாம்னு நேத்தே தீர்மானம் ஆயிடுச்சு. ராஜாவுக்கு ஓலை வந்த மாதிரி ஒரு ஷாட் எடுத்துக்கலாம். எட்டு அடியில முடிஞ்சிடும்."

"இப்போ ஒரு தடவை பாருங்க சார். சரியா இருக்கு."

"சரியா இருந்தா முந்நூறு அடி குறையுமா?"

டைரக்டரிடம் போனேன். அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, "பாவம், நல்ல மனுஷன்" என்றார். பாவம் என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதைச் சொன்னால் பிறகு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நானும் நிறையச் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் காட்சியை நானேதான் வெட்டினேன். வேறு யார் வெட்டுவார்கள்? சரியாகப் பொருத்தின காட்சியை, என் பிழையைத் திருத்தின காட்சியை, என் கையாலேயே எடுத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுரண்டி, பிலிம் ஒட்டுகிற சிமெண்ட் தடவி, ஓலை படிக்கும் கையை நடுவில் ஒட்டினேன். கழித்த பிலிமை வளையல் செய்கிறவர்கள் வந்து மூட்டையாக வாங்கிக்கொண்டு போவார்கள். அதில் அவரும் போனார். அவர் "குதிரை" என்று சொல்லும் இடத்தில் பன்னிரண்டு பிரேமை மட்டும் வெட்டி ஒரு கவரில் போட்டு வைத்துக்கொண்டேன். எதற்கு என்று அப்போது தெரியாது.

அவரைத் தேடி நாடகக் கம்பெனி முகாமுக்குப் போனபோது ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். கடிதம் எழுத வேண்டும் என்று தினமும் நினைத்தேன். தினமும் நினைப்பதே எழுதின மாதிரி ஆகிவிட்டது. ஞாயிறு மாதா கோயிலில் பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவருக்குத் தொடைத் தட்டும் கைதட்டும் விளங்கவில்லை. "வேண்டுமென்று செய்தாயா?" என்றார். இல்லை என்றேன். பத்துப் பிரியதத்த மந்திரம் சொல்லச் சொல்லிப் பாவமன்னிப்புக் கொடுத்துவிட்டார். பிரேமுக்கு ஒரு மந்திரம்கூடத் தேறவில்லை.

என் மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ். அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "சாமியார்கிட்ட சொன்னா ஆச்சா? அந்த மனுஷன்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள். சொல்லவில்லை என்றேன். "அப்போ யார்கிட்டயும் சொல்லலைன்னுதான் அர்த்தம்" என்று குடையை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டாள்.

படம் வெளிவந்து, ஓடாமல் பெட்டிக்குத் திரும்பி, நான்கைந்து மாதம் ஆன பிறகு நாடகக் கம்பெனி மானேஜரைக் கடைத்தெருவில் பார்த்தேன். அவர்தான் சொன்னார். "உங்க மந்திரி மறுபடி கம்பெனிக்கு வந்தாரு சார். வேஷமெல்லாம் கட்டிக்கிட்டாரு. திரை ஏறினப்புறம் மேடைக்கு வரமாட்டேன்னுட்டாரு. எனக்கு வாய் பிந்துது, ஜனங்க சிரிப்பாங்கங்கறாரு. நாங்க யாரு சொல்லியும் கேக்கலை. இப்போ சாமராஜநகர்ல மச்சானோட வெல்ல மண்டியில இருக்காரு."

அடுத்த லீவு நாளில் ரயில் ஏறினேன். நஞ்சன்கூடு வந்தபோது முதலாளியின் கேலி நினைவு வந்து உடம்பு கூசியது. கவர் சட்டைப் பையில் இருந்தது.

மண்டியில் பெரிய தராசு ஆடிக்கொண்டிருந்தது. அவர் வெல்ல மூட்டையைத் தட்டில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஒன்றுக்குப் பதில் லாபம் வைத்து, "லாபம், ரெண்டு, மூணு" என்று ராகம் போட்டு உரக்க எண்ணியது வேறொருவர், கீச்சுக் குரலில். கொட்டகையே அதிரும் குரல் உள்ளவர் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு மூட்டை தூக்குகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் ஆத்திரப்படுவது? என் முகத்தைப் பார்க்க அங்கே கண்ணாடி ஒன்றும் இல்லை.

என்னைப் பார்த்ததும் துண்டை உதறி மூட்டைமேல் விரித்து உட்காரச் சொன்னார். மோர் வரவழைத்தார். நான் மோரைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பல்பு போனது, தொடைத் தட்டு, இரண்டு கோடு, பன்னிரண்டு பிரேம், மறுநாள் சரியாக ஓடியது, முதலாளி பார்க்க மறுத்தது. "அண்ணா, உங்க வாய்ல ஒரு தப்பும் இல்லை. தப்பு என் கையில. அன்னைக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் சிரித்த முகத்தோடு முழுக்கக் கேட்டார். 

"நீங்க நல்லவருங்க சார். இத்தனை தூரம் ரயில்ல வந்து எனக்கோசரம் பழியைத் தலையில போட்டுக்கறீங்க."

"பழி இல்லை அண்ணா, நிஜம்."

"நானே கண்ணால பாத்தனுங்க. அத்தனை பேரு சிரிச்சாங்க. எல்லாருத்துக்கும் நீங்கதானுங்க பொருத்துனீங்க? மத்தவிகளுக்கெல்லாம் வாயி சரியாத்தானுங்களே இருந்துச்சு?"

இதற்கு நான் மறுபடியும் தொடைத் தட்டை விளக்கினேன். விளக்க விளக்க அது நான் வழியில் ரயிலில் உட்கார்ந்து ஜோடித்த கதை மாதிரி எனக்கே கேட்டது. கவரை எடுத்தேன். வேறு சாட்சி என்னிடம் இல்லை. அந்தச் சாண் நீளப் பிலிமை அவர் வாங்கி வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். பன்னிரண்டு சின்னச் சின்ன மந்திரிகள். அதில் இருந்தது படம் மட்டும்தான், ஒலி வேறு பிலிம். அது எனக்குத் தொழில், எனக்குத் தெரியும். அவருக்குக் காட்டுவதற்கு முன்னால் நான் அதை யோசித்திருக்க வேண்டும்.

"வாயி தொறந்துதானுங்க இருக்குது, பன்னண்டுலயும். பேச்சத்தானுங்க காணோம்" என்றார். கேலியாக இல்லை. பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. மோரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். "இப்போ சொல்லுங்க அண்ணா. ஒரே ஒரு வரி. முந்தி மாதிரியே தொடையில தட்டிட்டு, கையைத் தட்டிட்டு, சொல்லுங்க. வாயும் பேச்சும் ஒண்ணா வருதா இல்லையான்னு நீங்களே பாருங்க."

அவர் தயங்கினார். தராசுக்காரர் எண்ணுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். என் மனதைப் புண்படுத்தக் கூடாது என்பதற்காகத்தான் அவர் எழுந்தார் என்று நினைக்கிறேன். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். தொடையில் ஒன்று, கையில் ஒன்று. தலையைத் தூக்கினார். அந்த ஒரு கணம் வெல்ல மண்டியில் மந்திரி வந்து நின்றார்.

வாயைத் திறந்தார்.

குரல் வரவில்லை. உதடு சரியாக அமைந்திருக்கிறதா என்று உள்ளுக்குள் பார்த்துக்கொள்வது முகத்தில் தெரிந்தது. திறந்த வாயோடு காத்திருந்தார். நான் எண்ணினேன், எண்ணாமல் இருக்க முடியாது, அதுதானே என் பிழைப்பு. பன்னிரண்டு பிரேம் ஆயிற்று. அப்புறம்தான், எங்கேயோ பின்னாலிருந்து வருகிற மாதிரி, "மகாராஜா" என்று வந்தது.

அவர் வாயை மூடிக்கொண்டு என் தோளில் கையை வைத்தார்.

"பாத்தீங்களா சார்" என்றார், என்னைத் தேற்றுகிறவராக. "நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. உங்க மேல தப்பே இல்லீங்க."